கீசரை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கு நல்ல இரவு என்றால் மேகமே இல்லாத இரவு. ஊர்க்காரர்களுக்கு அதுதான் பல் கிட்டும் இரவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பகலெல்லாம் வெயில் வாங்கிய தரை, இரவானதும் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு கீழே திரும்பி வரும். இல்லாவிட்டால் போனது போனதுதான். தை மாதத்து விடியற்காலையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு இந்த இயற்பியலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், திருப்பத்தூர் மாவட்டத்துக் காட்டுக்கு நடுவே இருக்கும் இந்த இடத்தை வானத்தின் தெளிவுக்காகவே தேர்ந்தெடுத்தார் வானியலாளர் வேணு பாப்பு. 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு இங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10 அன்று கண்டுகொண்ட தொலைநோக்கிகளுள் அதுவும் ஒன்று. இன்று அவர் பெயரிலேயே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தத் தொலைநோக்கிகள் இருக்கும் கூண்டுகளுக்குள் ஹீட்டர் வைக்க முடியாது. உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால், திறந்த கதவு வழியாக அது மேலேறும்போது, தார் ரோட்டின் மேல் கானல் ஆடுவதுபோல நட்சத்திரத்தின் பிம்பம் ஆடிவிடும். அதனால் உலகில் எங்குமே தொலைநோக்கிக் கூண்டு குளிராகத்தான் இருக்கும். வேலை செய்பவர் ஸ்வெட்டரை நம்ப வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. அங்கே சூடு வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டைச் சூடாக்குவது என்பது ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்கள் தவிர மற்ற ஊர்களில் அநேகமாகக் கிடையாது. நமக்கு வெந்நீர்தான் வேண்டும். கொல்லையில் வெந்நீர் அடுப்பு, அதன் மேல் கரி பிடித்த தவலை. கொஞ்சம் வசதி இருந்தால் நடுவில் கரி போடும் குழாயோடு கூடிய செம்பு பாய்லர். பிறகு மின்சாரம் வந்தது, வாளியில் போடும் ஹீட்டர் வந்தது, கடைசியில் குளியலறைச் சுவரில் கீசர் ஏறியது. ஜவ்வாது மலையின் உள்கிராமங்களில் மூன்று கல்லும் விறகும் இன்னும் வேலையில் இருக்கின்றன. ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் மாட்டிய கீசர் பலவும் இன்னும் சுவரில் தொங்குகின்றன. சிவப்பு விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடுகிறது. போதாதா என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

போதாது. ஒரு பழைய கீசரின் கீழ்மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ஆறு நட்டும் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும்; டபிள்யூ.டி.-40 அடித்துக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் திருப்ப வேண்டும். தகடு இறங்கியதும் முதலில் கொட்டுவது தண்ணீர் இல்லை, வெள்ளைச் சில்லு. சுண்ணாம்பும் உப்பும் கெட்டிப்பட்ட செதில்கள், கைப்பிடி கைப்பிடியாக விழும். காயில் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதன் மேல் அரை விரல் தடிமனுக்கு உப்பு ஏறி ஒரே வெள்ளைக் கட்டியாக இருக்கும். உப்பு உடைந்த இடத்தில் காயிலின் உறையில் மயிரிழை விரிசல். பக்கத்தில் இருக்க வேண்டிய மெக்னீசியம் கம்பியில் மிச்சமிருப்பது நடுவில் ஓடும் இரும்புக் கம்பி மட்டும்.

அந்த மெக்னீசியம் கம்பியைப் பற்றி வாங்கும்போது யாரும் சொல்வதில்லை. டேங்கை அரிக்க வரும் அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீர் ஊரில் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்துவிடலாம். மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். மாற்றாமல் விட்டால் அடுத்து கரைவது டேங்க். பாலாற்றங்கரையின் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு கெட்டது என்பது நாடறிந்த விஷயம்; தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தத் தண்ணீர் ஓடும் வீட்டில் கீசரின் ஆயுளை விளம்பரத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது.

கீசர் பழசாகிவிட்டது என்று தெரிந்ததும் நடப்பது என்ன? கடைக்குப் போய், நட்சத்திரம் எண்ணி, புதுசு வாங்கி வருவார்கள். பிளம்பர் பழையதைக் கழற்றி அதே ஆணியில் புதியதை மாட்டுவார். அதே பழைய பிளக்கில் செருகுவார். வேலை முடிந்தது என்பார்கள். உண்மையில் வேலை தொடங்கவே இல்லை. பழைய வீட்டில் ஆபத்து பாதி கீசருக்குள் இருந்தால், மீதிப் பாதி அதன் பின்னால் சுவருக்குள் இருக்கிறது.

முப்பது நாற்பது வருட வீடுகளில் இருந்தது ரீப்பர் வயரிங். மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும் அலுமினிய வயர். நாலு டியூப்லைட், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோவுக்குப் போட்டது. இரண்டு கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மூன்று கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். அரைமணி நேரம் தொடர்ந்து அந்தச் சுமை ஓடினால் மெல்லிய அலுமினிய வயரின் முனை சுடும், திருகு தளரும், தளர்ந்த இடம் இன்னும் சுடும். பிளக் பாயிண்ட் பழுப்பாகிக் கருகியிருப்பது இதனால்தான். அங்கே பிளக்கை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் அடுத்த பிளக்கும் கருகும். கீசருக்கென்று மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி லைன் வேண்டும்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மூன்று கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் நிம்மதி. அதற்கென்று, சுமை மீறினால் தானே விழும் ஸ்விட்சான எம்.சி.பி. ஒன்றும் வேண்டும். ஃபியூஸ் கட்டையில் வயரை மூன்றாக முறுக்கிப் போடும் பழக்கம் இன்னும் போகாத வீடுகள் உண்டு. அங்கே ஃபியூஸ் போகாது, வயர்தான் போகும்.

அடுத்தது எர்த். பழைய வீட்டுக்கு வரும் மின் பணியாளர் முதலில் கேட்கும் கேள்வியும் அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"எர்த் எங்கண்ணா எடுத்திருக்கீங்க?"

"பைப்புலதாம்பா கட்டியிருக்கு. அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

அப்பா காலத்தில் அது ஓரளவு வேலை செய்தது. ஜி.ஐ. பைப் தரைக்குள் போனது, அதில் கட்டிய கம்பியும் தரையோடு தொடர்பில் இருந்தது. பிறகு பைப் துருப்பிடித்து அடைத்துக்கொண்டது. நடுவில் பத்தடி வெட்டி பி.வி.சி. போட்டார்கள். அன்றைக்கே எர்த் அறுந்துவிட்டது. கம்பி மட்டும் பைப்பைச் சுற்றி அப்படியே இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு எர்த் இருப்பதாகத்தான் தோன்றும். இப்போது கீசரில் காயில் விரிசல் விட்டு மின்சாரம் கசிந்தால், அது தரைக்குப் போக வழியில்லை. ஷவருக்கு அடியில் ஈரக்காலோடு நிற்பவர்தான் வழி. சில இடங்களில் இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்றும் உண்டு: பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கீசரின் உடல் முழுக்க மின்சாரம் வந்து நிற்கும்.

குழி தோண்டி, குழாயோ தகடோ இறக்கி, கரியும் உப்பும் போட்டு, எர்த்தை முறையாக எடுக்க வேண்டும். வீட்டின் மெயினில் ஆர்.சி.சி.பி. வேண்டும். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது இதன் வேலை. 30 மில்லியாம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் அரை நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை; ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் 2023இல் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. எர்த் சரியில்லாமல் இதை மட்டும் போட்டால், யாராவது தொட்டு அவர் உடல் வழியாகக் கசிவு ஓடும்போதுதான் அது விழும். எர்த்தும் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

பழைய வயரிங்கில் ஆர்.சி.சி.பி. போட்டால் அடிக்கடி விழும். எங்கோ ஈரச் சுவரில் கசிவு இருக்கும், அல்லது இரண்டு லைனின் நியூட்ரல் ஒன்றாகக் கலந்திருக்கும். "தொல்லையா இருக்கு" என்று சொன்னால், நேர் இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு. அந்தக் கருவி சொல்ல வந்த சேதியைக் கேட்காமல் அதன் வாயை அடைக்கும் வேலை அது. அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சுவர் சரியானது. இனி பணக்கணக்கு.

இருபது டிகிரியில் இருக்கும் தண்ணீரை நாற்பது டிகிரிக்குக் கொண்டுவந்தால் குளிக்க இதமாக இருக்கும். இருபது லிட்டர் வாளிக்கு அதற்கு ஆகும் மின்சாரம் கிட்டத்தட்ட அரை யூனிட். இது இயற்பியல் கணக்கு. எந்த கம்பெனி கீசரும் இதைக் குறைக்க முடியாது. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளுக்கு இரண்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதை நினைத்துப் பாருங்கள். அது முழுக்க வெந்நீருக்கே போதாது.

அடி எங்கே விழும் என்றால், 500 யூனிட் எல்லையில். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி ஒரு கணக்கு. குளிர்காலத்தில் கீசர் இல்லாமல் 480 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 1,605 ரூபாய். அதோடு கீசரின் 120 யூனிட் சேர்ந்து 600 ஆனால் பில் 2,750. கூடுதல் 120 யூனிட்டுக்கு 1,145 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய்க்கு மேல். எல்லையைத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடுவதால் இப்படி. 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் சற்று ஏறியது. ஈ.பி. கார்டைப் பார்த்து நம் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எந்தச் சாதனம் லாபம் என்று பேச முடியும்.

அப்படியென்றால் கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் எதற்கு? தண்ணீரைச் சூடாக்குவதில் எல்லா மின் கீசரும் ஏறக்குறைய ஒன்றுதான். காயிலுக்குள் போன மின்சாரம் முழுக்கச் சூடாகிவிடும். சூடான தண்ணீர் டேங்கில் சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆறுகிறது என்பதில்தான் வித்தியாசம். நட்சத்திரம் அதைச் சொல்கிறது. பழைய கீசரில் டேங்கைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு. ஈரம் ஏறி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். புதியதில் நுரை நிரப்பியிருக்கும். வெளித்தகட்டைத் தொட்டுப் பார்த்தால் போதும்: பழையது வெதுவெதுப்பாக இருக்கும், அந்த வெதுவெதுப்புக்கும் மீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்விட்ச் போட்டு, குளித்து முடித்ததும் அணைத்துவிடும் வீட்டுக்கு ஐந்து நட்சத்திரத்தால் பெரிய மிச்சம் இல்லை. நாளெல்லாம் போட்டே வைத்திருக்கும் வீட்டுக்கு உண்டு.

உடனடி கீசர் என்று மூன்று லிட்டரில் சின்னதாக ஒன்று கிடைக்கிறது. சென்னைக்குச் சரி. மலையடிவாரத்துக்கும் மலைக்கும் சரிவராது. மூன்று கிலோவாட்டால் தண்ணீரை இருபது டிகிரி உயர்த்த வேண்டுமென்றால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் சொச்சம்தான் தரமுடியும். ஷவருக்கு அது சொட்டு நீர்ப்பாசனம். போதாததற்கு வோல்டேஜ். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் ஊரில் 230 வோல்ட் 180 ஆக இறங்கினால், இரண்டு கிலோவாட் கீசர் 1,200 வாட் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். கீசர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒரு மீட்டரை வைத்து வோல்டேஜ் பார்ப்பது நல்லது. வாளியில் போடும் ஹீட்டர் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்ப்பதற்கு முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

காவலூர் மாதிரி ஊருக்கு இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று வானத்திலேயே இருக்கிறது. இரவில் மேகமில்லை என்று வானியலாளர்கள் வந்த அதே மாதங்களில் பகலிலும் மேகமில்லை. வானாய்வகத்துக்கு வேலை நன்றாக ஓடும் ஜனவரி முதல் மே வரையான காலம் சோலார் வாட்டர் ஹீட்டருக்கும் நல்ல காலம். நூறு லிட்டர் சோலார் ஹீட்டர் ஒரு வீட்டுக் கீசரின் இடத்தைப் பிடித்து ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சப்படுத்தும் என்பது மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் சொல்லி வந்த கணக்கு. சமவெளியில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது, அங்கே வெந்நீரே அவ்வளவு தேவைப்படுவதில்லை. குளிர் ஊரில் நம்பலாம். காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருக்கும் பெங்களூரில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்கு 2007 முதலே சோலார் ஹீட்டர் கட்டாயம். அந்த ஊர் மொட்டைமாடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சோலாரில் இரண்டு ஜாதி. ஒன்று, கறுப்புத் தகட்டின் மேல் கண்ணாடி மூடிய தட்டைப் பெட்டி. இன்னொன்று, வரிசையாக அடுக்கிய கண்ணாடிக் குழாய்கள்; ஒவ்வொன்றும் இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். முதல் பத்தியில் சொன்ன அதே சங்கதி இங்கேயும் வருகிறது. மேகமில்லாத இரவில் தட்டைப் பெட்டியும் தரையைப் போலவே வானத்துக்குச் சூட்டை விடும். வெற்றிடக் குழாயில் அந்த இழப்பு மிகக் குறைவு. உப்புத் தண்ணீருக்கும் குழாய் வகைதான் தாங்கும். தட்டைப் பெட்டிக்குள் ஓடும் மெல்லிய செம்புக் குழாய்கள் உப்பு அடைத்துக்கொள்ளும். ஆனால் குரங்கு நடமாடும் ஊரில் கண்ணாடிக் குழாய்க்கு மேல் வலை அடிக்காமல் விட்டால் வருந்த வேண்டியிருக்கும். குழாய்கள் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பழைய ஓட்டு வீட்டுக்கு முதல் சிக்கல் இதுதான். ஓட்டின் மேல் அந்தப் பாரத்தை ஏற்ற முடியாது. பக்கத்தில் இரும்புச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும், செலவு கூடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோலார் கைவிடும். அதற்காக டேங்கிலேயே ஒரு மின் காயில் வைத்துக் கொடுப்பார்கள். அதை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் சூரியன் சூடாக்க வேண்டிய தண்ணீரை ஈ.பி. சூடாக்கிக்கொண்டிருக்கும். மாலையில் தொட்டுப் பார்த்து, சூடு இல்லாவிட்டால் மட்டும் ஒரு மணி நேரம் போட வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டே என்று கேட்பவர்களுக்கு: அது மின்சாரம் தயாரிக்கும் பலகைகளுக்கு. தண்ணீர் சூடாக்கும் குழாய்களுக்குக் கிடையாது.

சோலாருக்கு மாடி இல்லாதவர்கள் இப்போது ஹீட் பம்ப் பக்கம் திரும்புகிறார்கள். ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் விடுகிறது அல்லவா? இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். 1852இலேயே கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் எழுதி வைத்துவிட்ட யோசனைதான். காவலூரின் குளிர் இந்த இயந்திரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஐரோப்பாவில் பனியில் ஓடுகிறது. விலைதான் இடிக்கிறது, சாதாரண கீசரைப்போலப் பல மடங்கு. விடுதிக்கும் பெரிய குடும்பத்துக்கும் லாபம். வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பணம் திரும்பி வர நெடுங்காலம் ஆகும். அவர்களுக்கு நல்ல வயரிங்கும் பதினைந்து லிட்டர் கீசரும் போதும் என்பதே நியாயமான யோசனை.

அறையைச் சூடாக்கும் ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டியின் பழைய பங்களாக்களில் கணப்புகள் அடைத்துக் கிடக்க, இரண்டு கிலோவாட் அறை ஹீட்டர்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓடுகின்றன. கீசருக்குச் சொன்ன வயர் கணக்கு அப்படியே இதற்கும் பொருந்தும், எக்ஸ்டென்ஷன் பெட்டி அந்தச் சுமைக்கு ஆகாது. மின்சாரம் போனால் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குவது உயிருக்கே உலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதும் இதே ரகம்.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரசியம். நம்மவர்கள் வாடகைக்கு இருக்கும் பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் செங்கல் அடுக்கிய மின் ஹீட்டர்கள் உண்டு. இரவில் மலிவுக் கட்டணத்தில் செங்கல்லைச் சூடாக்கி, பகலில் அந்தச் சூட்டை விடும். இரவுக் கட்டணம் எப்போது தொடங்குகிறது என்று மீட்டருக்குச் சொன்னது, 1980களிலிருந்து, பி.பி.சி.யின் 198 கிலோஹெர்ட்ஸ் நீண்ட அலை ஒலிபரப்போடு சேர்ந்து வந்த ஒரு ரேடியோ சமிக்ஞை. அந்தச் சேவை பழசாகிவிட்டது என்று 2025 ஜூன் 30இலிருந்து படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். மீட்டரை மாற்றாத வீட்டில் ஹீட்டர் அணையாமல் எரியலாம், அல்லது எரியாமலே போகலாம் என்று எச்சரித்தார்கள். ஹீட்டரில் ஒரு பழுதும் இல்லை. காலாவதியானது சுவரில் இருந்த பெட்டி. ஆலங்காயத்து ஓட்டு வீட்டிலும் பழுது அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆக, கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய் என்றால், பளபளப்பான கீசருக்கு ஒன்பதாயிரமும் மின் பணியாளருக்கு ஆயிரமும் என்று பிரிக்காமல், தனி லைன், எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றுக்கும் முதலில் எடுத்து வையுங்கள். மிச்சத்துக்குக் கிடைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கீசரை வாங்குங்கள். வெந்நீர் இறங்கும் குழாய் சி.பி.வி.சி.யாக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் தொய்ந்துவிடும். சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைக்க விடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற இருக்கும் ஒரே வழி அது. முதல்முறை போடும்போது வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, தண்ணீர் தொடர்ந்து கொட்டிய பிறகுதான் ஸ்விட்ச். காலி டேங்கில் காயில் சில நிமிடத்தில் எரிந்துவிடும். தெர்மோஸ்டாட் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் உப்பும் வேகமாகப் படியும், குழந்தைகளின் தோலும் நொடியில் வெந்துவிடும். கழற்றிய பழைய கீசரில் செம்பு டேங்க் இருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் சொல்லும் முதல் விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமுக்குங்கள். வீடு முழுக்க மின்சாரம் போனால் கருவி சரியாக இருக்கிறது. போகாவிட்டால் அன்றைக்குக் கீசரைப் போடாதீர்கள். மின் பணியாளரை அழையுங்கள்.